கறுப்புக் கட்டியும் அக்காவின் கணக்கும்

எல்லாவற்றிலும் எனக்கு முந்திக்கொண்டு, போவதிலும் முந்திக்கொண்ட என் செல்ல அக்காவுக்கு,

சிம்பாங் அம்பாட் தொழிற்சாலையில் உன் மேசையை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் லேபில் எல்லோரும் இன்னும் அதை "உங்க அக்கா மேசை" என்றுதான் சொல்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, போ.

நீ கடைசியாகச் சோதித்த கறுப்புக் கட்டி நினைவிருக்கிறதா? பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்தால் சூட்டை வாங்கிக்கொள்ளும் புதுப் பொருள். அதில் ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டும், அதாவது அதன் தன்வெப்பக் கொள்ளளவு என்ன என்று நீ கணக்கிட்டாய். விற்கிறவர்கள் சொன்ன எண்ணைவிட உன் எண் குறைவு. அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. போன வாரம் நம் சூப்பர்வைசர் முருகன் அண்ணன் என்னிடம் வந்தார்.

"செல்வி, அக்கா அப்போ உடம்பு முடியாம இருந்தாங்க. தப்பு வந்திருக்கலாம் லா. நீ ஒரு தடவ செஞ்சு பாரேன்."

"சரிண்ணே" என்றேன். உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஒரே ஒரு தடவையாவது நீ தப்பு, நான் சரி. சின்ன வயதிலிருந்து இதற்குத்தானே காத்திருந்தேன்?

கட்டியை எடை போட்டேன். சூடு வெளியே போகாமல் பஞ்சு சுற்றினேன். ஒரு துளையில் ஹீட்டர், இன்னொன்றில் தெர்மாமீட்டர். ஹீட்டரை அணைத்ததும் டிகிரியைக் குறித்துக்கொண்டு, கொடுத்த வெப்பத்தை எடையாலும் ஏறிய டிகிரியாலும் வகுத்தேன். விற்கிறவர்கள் சொன்ன எண்ணுக்குப் பக்கத்திலேயே வந்தது! எழுந்து நின்று ஓர் ஆட்டம் போட்டேன்.

திரும்பிப் பார்த்தால் தெர்மாமீட்டர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

அணைத்த பிறகும் சூடு கட்டிக்குள் பரவிக்கொண்டுதான் இருக்கும். ஏறி நிற்கிற உச்சத்தைத்தான் எடுக்க வேண்டும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்குக்கூட இது தெரியும். உன்னைத் தோற்கடிக்கிற அவசரத்தில் எனக்கு மறந்துபோனது. ஏறிய டிகிரியைக் குறைத்துப் போட்டால் எண் பெரிதாகத்தானே வரும்?

கட்டியை ஆறவிட்டு மறுபடி செய்தேன். இந்தத் தடவை காத்திருந்தேன். வந்தது உன் எண். நம்பாமல் இன்னொரு முறையும் செய்தேன். அப்போதும் உன் எண்தான்.

அக்கா, யாருமே பார்க்கவில்லை. முதல் எண்ணைக் கொடுத்திருந்தால் விற்கிறவர்களும் வாயை மூடியிருப்பார்கள், அண்ணனும் தலையாட்டியிருப்பார். கொடுக்கத்தான் கை துடித்தது. அதை நம்பி வைத்த பேட்டரி யார் வீட்டில் சூடேறுமோ என்ற பயமா, உன்மேல் உள்ள பாசமா, தெரியவில்லை. உன் எண்ணையே அனுப்பினேன்.

ஜார்ஜ் டவுன் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். வாணலியில் மீ நூடுல்ஸ் பிரட்டிக்கொண்டே, "அவ கணக்கு எப்படி தப்பாவும்? எனக்குத் தெரியாதா?" என்றாள். யார் சரிபார்த்தது என்று கேட்கவே இல்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. உனக்காகவா, எனக்காகவா? நீ இருந்திருந்தால் உன்னிடம் வந்து சண்டையாவது போட்டிருப்பேன். இனி நான் யாரோடு போட்டி போடுவது?

ஒன்று மட்டும் சத்தியம். உன் கணக்கு தப்பு என்று இனி எவர் வந்தாலும் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். உன்னைக் குறை சொல்ல நான் ஒருத்தி இருக்கிறேன், அது போதும்.

இன்னும் பொறாமை தீராத
உன் தங்கச்சி,
செல்வி