குதிரையிலிருந்து காளைக்கு

மரனெல்லோ,
மார்ச் 3, 2019

அன்புத் தங்கை ஒரியெட்டாவுக்கு,

அண்ணன் எர்மெஸ் எழுதுவது. நீ போனை எடுப்பதில்லை. வாசல் மணியை அடித்தால் உன் நாய்தான் பதில் சொல்கிறது. அதனால்தான் இந்த வயதில் பேனாவை எடுத்தேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். உன் அண்ணி நொர்மா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். அவளுக்கு முட்டி வலி குறையவில்லை. மகள் ஜினெவ்ராவின் கல்யாண உடுப்பு தைத்து வந்துவிட்டது, இடுப்பில் கொஞ்சம் பிடிக்கிறதாம்.

இனி விஷயம். நேற்றுக் காலை காபிக் கடைக்குள் நுழைந்தேன். கல்லாவில் இருந்த வைனெர் என்னைப் பார்த்து, "தலைவரே, உங்க தங்கச்சி வீட்டு முத்தத்துல மஞ்சளா ஒண்ணு நிக்குதாமே, மாட்டு படம் போட்டது?" என்றான். "யாராவது விருந்தாளி வந்திருப்பாங்க" என்றேன். "விருந்தாளி இல்ல தலைவரே, ஃபெராரிய வித்துட்டு அதை வாங்கியிருக்காங்க. நம்பர் பிளேட்டே மாட்டியாச்சு." கடை முழுக்கச் சிரித்தது. காபியைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஃபெராரி பந்தயத்தில் ஜெயித்தால் கோயில் மணி அடிக்கிற ஊர் இது. இந்த ஊர் ஃபெராரிக்காரர்களின் சிவப்பு வண்டிச் சங்கத்துக்குத் தலைவன் நான். என் கூடப்பிறந்தவள் லம்போர்கினி ஓட்டுகிறாள்! உன் புருஷன் லோரிஸ் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை, அதற்குள் அவன் வண்டியை யாரோ முன்பின் தெரியாதவனுக்கு விற்க உனக்கு எப்படி மனசு வந்தது? அதை நோட்டரி பெர்த்தாக்கினிக்குத் தருவதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன். ஒரு உறுப்பினர் காலமானால் அவர் வண்டி சங்கத்துக்குள்ளேயே கைமாறுவதுதான் நம் முறை. நோட்டரி முகத்தில் நான் இனி எப்படி விழிப்பது?

ஜூன் எட்டாம் தேதி கல்யாணம். நீ ஜினெவ்ராவின் ஞானத்தாய். மணப்பெண்ணை நீதான் கோயிலுக்குக் கூட்டிவர வேண்டும். சதுக்கத்தில் நாற்பது சிவப்பு வண்டிகள் இரண்டு வரிசையாக நின்று ஹாரன் அடிக்கப்போகின்றன. அதற்குள் இந்தப் பைத்தியத்துக்கு ஒரு முடிவு கட்டு. என் மகள் டிராக்டர் கம்பெனி வண்டியில் ஏறிக் கல்யாணத்துக்குப் போகமாட்டாள்.

உன் நன்மையை நினைக்கும் அண்ணன்,
எர்மெஸ்


ஸ்பெட்ஸானோ,
மார்ச் 9, 2019

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணியை மாடிப்படி ஏறவிடாதே. உடுப்பைப் பிரித்துத் தைக்கச் சொல், குழந்தையைப் பட்டினி போடாதீர்கள்.

வண்டியை விற்றது உண்மை. வாங்கியதும் உண்மை. வைனெர் ஒன்றை மட்டும் தப்பாகச் சொல்லியிருக்கிறான். அது வெறும் மஞ்சள் இல்லை, கண்ணைப் பறிக்கிற மஞ்சள்.

"லோரிஸின் வண்டி" என்று எழுதியிருக்கிறாய். பதிவில் யார் பெயர் இருந்தது? டைல்ஸ் ஃபாக்டரி வைத்து, சூளை வெக்கையில் நின்று அதற்குச் சம்பாதித்தது யார்? லோரிஸ் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தினார். தங்கமான மனுஷன். அந்தச் சம்பளத்தில் அவர் ஒரு ஸ்டீரிங் வாங்கியிருக்கலாம்.

அவருக்காக வைத்த பூசை முடிந்து கோயில் படியில் நின்றுகொண்டிருந்தேன். நோட்டரி வந்து என் தோளைத் தட்டினார். "கவலப்படாதீங்கம்மா, வண்டிய நான் கண்ணு மாதிரி பார்த்துக்கறேன்." எந்த வண்டியை? யார் விற்றது? நான் உன்னைப் பார்த்தேன். நீ பெரிய தானம் செய்தவன் மாதிரி தலையை ஆட்டினாய். என்னை ஒரு வார்த்தை கேட்டாயா அண்ணா?

அப்புறம் ஜனவரி விருந்து. என் வழக்கமான இடத்தில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கதவோரம், குளிர் அடிக்கிற மேசைக்குக் கூட்டிப்போனார்கள். சுற்றிலும் சங்கத்து விதவைகள், ஃபெராரிச் சின்னமான வெள்ளிக் குதிரை ஊசியை ஆளுக்கொன்று குத்திக்கொண்டு. "நான் ஏன் இங்க?" என்று கேட்டேன். செயலாளர் என் கோட்டில் ஊசியைக் குத்திக்கொண்டே சொன்னார்: "இனிமே நீங்க கௌரவ உறுப்பினர்ம்மா. ஓட்டற சிரமம் கிடையாது, சாப்பிட வந்தா போதும்." மறுநாள் காலையில்தான் கார் கடைக்குப் போனேன்.

டிராக்டர் என்று கேலி செய்கிறாய். நம் அப்பா எந்த டிராக்டரில் உழுது உன்னைக் கணக்குப் படிக்க வைத்தார்? இதே கம்பெனி டிராக்டர்தானே. அப்போது உனக்கு நாறவில்லை. கல்யாணத்துக்கு வருவேன். என் வண்டியில்தான் வருவேன்.

அன்புடன்,
ஒரியெட்டா


மரனெல்லோ,
ஏப்ரல் 22, 2019

அன்புத் தங்கைக்கு,

நேற்று ஈஸ்டர். உன் நாற்காலி காலியாக இருந்தது. நொர்மா வழக்கம்போல உனக்கும் சேர்த்துத்தான் தொர்த்தெல்லினிக் கொழுக்கட்டை பிடித்திருந்தாள். சூப்பை ஊற்றும்போது உன் தட்டைப் பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். நானும் பாதியில் எழுந்துவிட்டேன். இதையெல்லாம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன்.

விதவைகள் மேசை விஷயம் உனக்கு இவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியாது. அது மரியாதை என்றே நினைத்தோம். இதுவரை எந்த அம்மாளும் முகம் சுளித்ததில்லை. நோட்டரியிடம் வாக்குக் கொடுக்குமுன் உன்னைக் கேட்டிருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கோபம் என் மேல் என்றால் என்னைத் திட்டு. செத்துப்போனவனை ஏன் அவமானப்படுத்துகிறாய்?

லோரிஸ் மாதிரி ஓட்ட இந்த மாவட்டத்திலேயே ஆள் கிடையாது. மலைப் பாதையில் எங்கள் எல்லோரையும் பின்னால் தள்ளிவிட்டு, சதுக்கத்துக்குள் முதல் ஆளாக நுழைவானே, அந்த அழகு! இறங்கும்போது முகத்தில் ஒரு துளி வேர்வை இருக்காது. நீ பக்கத்தில் உட்கார்ந்து எங்களுக்குக் கை ஆட்டுவாய். அப்பேர்ப்பட்டவன் வீட்டு முற்றத்தில் எதிராளியின் வண்டி நிற்கிறது. அவனுக்குத் துரோகம் பண்ணுகிறாய் என்று நான் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது.

கமிட்டி கூடியது. கல்யாணத்தன்று சதுக்கத்தில் சங்கத்து வண்டிகள் மட்டும்தான் என்று தீர்மானம். என்னால் தடுக்க முடியவில்லை.

வருத்தத்துடன்,
எர்மெஸ்


ஸ்பெட்ஸானோ,
ஏப்ரல் 30, 2019

அன்புள்ள அண்ணா,

உன்னால் தடுக்க முடியவில்லையா, நீ தடுக்கவில்லையா? போகட்டும்.

ஊர் சொல்வதை எழுதினாய். ஊருக்குத் தெரியாததை நான் எழுதுகிறேன். லோரிஸுக்கு வண்டி ஓட்டப் பயம். சின்ன வயதில் ஒரு விபத்தைப் பார்த்தவர். வேகம் ஏறினால் உள்ளங்கை வேர்த்துவிடும். அந்த மலை வளைவுகளில் உங்களையெல்லாம் பின்னால் தள்ளியது நான். ஊர்ப் பலகை கண்ணில் பட்டதும் ஓரம் கட்டுவேன். அவர் இந்தப் பக்கம் வருவார், நான் அந்தப் பக்கம் போவேன். கடைசிக் கொஞ்ச தூரத்தை அவர் மெதுவாக ஓட்டிக்கொண்டு உங்கள் முன்னால் வந்து நிற்பார். முகத்தில் வேர்வை எப்படி இருக்கும்? நீங்கள் எல்லோரும் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொள்வீர்கள். நான் கை ஆட்டுவேன்.

அவர் ஒருநாளும் இதைக் கேட்டதில்லை. நீங்கள் அவரைப் பார்த்துச் சிரிப்பதை என்னால் தாங்க முடியாது, அதனால் நானாகச் செய்தேன். அவர் மேல் எனக்கு அவ்வளவு பிரியம். இன்னமும் இருக்கிறது. இப்போது அவர் இல்லை. இனி நான் யாருக்காக ஓரம் கட்ட வேண்டும்?

அந்தச் சிவப்பு வண்டியிடம் ஒரு குறையும் கிடையாது, சொன்ன பேச்சைக் கேட்கும். ஆனால் அதில் ரொட்டி வாங்கப் போனாலும், "அதோ லோரிஸ் வண்டி" என்றுதான் குரல் வரும். இந்த மஞ்சள் வண்டி கிளம்பினால் நாலு தெரு தள்ளி இருப்பவர்களுக்கும் தெரிகிறது, "ஒரியெட்டா வர்றா" என்கிறார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் சொல்கிறார்கள். சொல்லட்டும், பெயர் என்னுடையதுதானே.

அன்புடன்,
ஒரியெட்டா


மரனெல்லோ,
மே 12, 2019

அன்புத் தங்கைக்கு,

நீ எழுதியதை நம்ப எனக்கு இஷ்டமில்லை. ஆனால் நம்புகிறேன். என்ன செய்வது, நீ சிறுவயதிலிருந்தே பொய் சொன்னால் உடனே மாட்டிக்கொள்கிறவள். தயவுசெய்து வேறு யாரிடமும் இதைச் சொல்லாதே. லோரிஸ் பெயரில் நாங்கள் கோப்பை வைத்திருக்கிறோம்.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். யார் மனசும் நோகாது. எங்கள் வீட்டிலிருந்து ஜினெவ்ராவை நீயே உன் வண்டியில் கூட்டிக்கொண்டு கிளம்பு. ஓடைப் பாலத்தில் நான் ரிப்பன் கட்டிய என் வண்டியோடு காத்திருப்பேன். அங்கே அவள் இறங்கி இதில் ஏறிக்கொள்ளட்டும். நீ உன் வண்டியைப் பழக்கடைக்குப் பின்னால் விட்டுவிட்டு நடந்து வந்துவிடு, இரண்டே நிமிஷம். சதுக்கத்துக்குள் நான் ஓட்டிக்கொண்டு போகிறேன். உன் ஆசையும் நிறைவேறும், சங்கத்து மரியாதையும் நிற்கும்.

சரி என்று ஒரு வரி எழுது.

எர்மெஸ்


ஸ்பெட்ஸானோ,
மே 15, 2019

அண்ணா,

நீ எழுதியதை நீயே ஒருதரம் சத்தமாகப் படித்துப் பார். பாலம் வரைக்கும் நான், சதுக்கத்துக்கு நீ. என் போன கடிதத்தைப் படித்த பிறகுமா இப்படி எழுதினாய்?

பாலத்தில் நிறுத்தமாட்டேன். எட்டாம் தேதி காலை பத்து மணிக்கு உன் வீட்டு வாசலில் வந்து நிற்பேன். கதவைச் சாத்திக்கொள்ள உனக்கு உரிமை உண்டு, உன் வீடு. ஆனால் கல்யாணம் அவளுடையது. எதில் ஏறுவது என்று அவளைக் கேட்டாயா?

ஒரியெட்டா


மரனெல்லோ,
ஜூன் 10, 2019

ஒரியெட்டாவுக்கு,

கல்யாணம் நல்லபடி முடிந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்குத் திருப்தி. இதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதில் நல்லதாக ஒன்றும் இல்லை.

பாலத்தில் நான் என் வண்டியைக் குறுக்கே நிறுத்தினேன். நீ முட்டுகிற தூரத்தில் வந்து நின்றாய். நான் இறங்கி உன் பக்கத்துக் கதவைத் திறந்தேன். உள்ளே வெள்ளைத் துணி குவியலாகக் கிடந்தது, அதற்கு நடுவிலிருந்து என் மகள் என்ன சொன்னாள் என்று உனக்குத் தெரியும். "அப்பா, வழிய விடுங்க. அத்தை இறங்கினா நானும் இறங்கிடுவேன், நேரா வீட்டுக்கு நடந்துருவேன்." என் வண்டிக்குள்ளிருந்து நொர்மா சிரித்தாள். என்னைப் பார்த்துத்தான் சிரித்தாள். நான் என்ன செய்ய முடியும்? வழி விட்டேன். பெண்ணைப் பெற்றவன், தங்கையின் மஞ்சள் வண்டிக்குப் பின்னால் வால் மாதிரி வந்தேன்.

சதுக்கத்தில் நாற்பது வண்டியும் ஊமையாக நின்றன. ஒருத்தனும் ஹாரனில் கை வைக்கவில்லை. நோட்டரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். என் மகளை மயானத்துக்கு வந்த மாதிரி இறங்க விடுவேனா? அதனால்தான் ஹாரனை அழுத்தினேன். நான் அடித்ததைப் பார்த்து மற்றவர்களும் அடித்தார்கள். அது என் மகளுக்கு அடித்தது. உனக்கு இல்லை. நீ வேறுவிதமாக நினைத்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்லாதே.

நோட்டரி விருந்துக்கு இருக்கவில்லை. கமிட்டி என்னிடம் விளக்கம் கேட்கிறது. எனக்கும் ஒரு எல்லை உண்டு. அந்த வண்டி உன் வீட்டை விட்டுப் போகிறவரை ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு நீ இங்கே வர வேண்டாம். என் மேசையில் காளை வண்டிக்காரிக்கு இடமில்லை.

எர்மெஸ்


ஸ்பெட்ஸானோ,
ஜூன் 14, 2019

அன்புள்ள அண்ணா,

ஹாரன் எனக்கு இல்லை என்று எழுதியிருக்கிறாய். சரி. எனக்கும் கேட்டது, அது போதும்.

இத்தனை கடிதம் எழுதியும் உனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. கமிட்டி மேல், நோட்டரி மேல், உன் மேல் உள்ள கோபத்தில் நான் இந்த வண்டியை வைத்திருப்பதாக நினைக்கிறாய். கார் கடைக்குப் போன அன்று கோபம்தான். வாங்கி ஓட்டின முதல் வாரத்திலேயே அது போய்விட்டது. இப்போது வைத்திருப்பது எனக்குப் பிடித்திருப்பதால். காலையில் எழுந்ததும் ஜன்னலைத் திறந்து அதைப் பார்க்கிறேன், சிரிப்பு வருகிறது. அறுபத்திரண்டு வயதில் இது எத்தனை பேருக்கு வாய்க்கும்? உன் சங்கம் நாளைக்கே என்னைத் தலைவியாக்கினாலும் வண்டி போகாது.

ஞாயிற்றுக்கிழமைக்கு வர வேண்டாம் என்றாய், வரமாட்டேன். அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உன் மேசையில்தான் நான் இத்தனை வருஷம் சாப்பிட்டேன்.

நேற்று மதியம் வாசல் மணி அடித்தது. அண்ணி நின்றாள். பஸ்ஸில் வந்திருக்கிறாள், கக்கத்தில் மாவு தேய்க்கிற பலகையும் கட்டையும். முட்டி வலியைப் பற்றிப் பேச்சே இல்லை. "சாவிய எடு. எனக்கும் லைசென்ஸ் இருக்கு, அவருதான் மறந்துட்டாரு" என்றாள். செர்ரமட்ஸோனி வரைக்கும் மலை ஏறினோம். முதல் வளைவில் மாதாவைக் கூப்பிட்டாள், மூன்றாவது வளைவில் பாட ஆரம்பித்துவிட்டாள். நான் பக்கத்து இருக்கையில் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து, உன் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னாள்: "என் மேசைன்னா எழுதியிருக்காரு? ஆமா, மேசை அவருதுதான், காசு குடுத்து வாங்கினாரு. அதுமேல இருக்கறது பூரா நான் வெச்சது." சொல்லிவிட்டுப் பலகையை என் அடுக்களையில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள். அவளும் ஜினெவ்ராவும் மாப்பிள்ளையும் நாளை மறுநாள் இங்கேதான் வருகிறார்கள்.

ஞாயிறு மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. உனக்கும் தட்டு வைப்பேன். சிவப்பு வண்டியிலேயே வா, என் முற்றத்தில் எந்த வண்டிக்கும் தடை கிடையாது. வர மனசில்லை என்றால், உங்கள் வீட்டு அலமாரியில் பழைய ரொட்டியும் கொஞ்சம் பாலாடைக்கட்டியும் இருக்கிறதாம். அண்ணி சொல்லச் சொன்னாள்.

உன் தங்கை,
ஒரியெட்டா