வெயில் இறங்குமுன் ஊதிய சங்கு

786
திருச்சி, 10-3-63

அன்பு மகன் ஜமாலுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் கிருபையால் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம், பினாங்கில் உன் உடம்பும் வேலையும் நல்லபடி இருக்க ஐந்து வேளையும் துஆச் செய்கிறோம். உன் கடிதம் வந்தது. ஓரத்தைப் பிரித்து மறுபடி ஒட்டியது போல் இருந்தது, தபால்காரரைக் கேட்டால் சிரிக்கிறார், அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை. கப்பலில் வந்தவன் எவனோ ஐஸ் கம்பெனி விஷயத்தை உன் காதில் போட்டிருக்கிறான், ஜீனத்தை அவள் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று பதறி எழுதியிருக்கிறாய். மாசமாயிருக்கிற பெண் விஷயத்தில் உன்னிடம் மறைக்க எனக்கு மனமில்லை, நடந்ததை நானே எழுதுகிறேன்.

நோன்பு திறக்கும் நேரத்துக்கு வார்டு ஆபீஸ் மாடியிலிருந்து மின்சாரச் சங்கு ஊதுவது உனக்குத் தெரியும். அன்றைக்கு எதிர்வீட்டுச் சுவரில் வெயில் இன்னும் இருக்கிறது, சங்கு ஊதிவிட்டது. இது நம் சங்கு இல்லை, யாரும் வாயில் எதையும் வைக்காதீர்கள் என்றேன். நான் கடையில் பூட்டு விற்று விற்று எதையும் நம்பாதவனாகிவிட்டேனாம், சங்கைக்கூடவா சந்தேகப்படுவது என்று உன் அம்மா பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டாள். தெரு முழுக்கக் கதவு திறந்தது. ஆளுக்கொரு தூக்குச்சட்டியோடு கஞ்சி வாங்கப் பள்ளிவாசல் பக்கம் போகிறார்கள். பள்ளிவாசலுக்குப் பின்சுவர்தானே ஐஸ் கம்பெனி. அங்கே குழாய் வெடித்து அம்மோனியா வெளியே வருகிறது, தெருவை விட்டு ஓடுங்கள் என்று ஊதிய சங்காம் அது. எங்கள் தெருவோ அதை நோக்கியே நடந்தது. ஜீனத் தெருவைப் பார்க்கலாம் என்று வாசல் கதவைத் திறந்தாள். மிளகாய் வறுத்த புகை போல் ஒரு நெடி உள்ளே வந்தது, அவள் இருமிக்கொண்டே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள், கண்ணைத் திறக்க முடியவில்லை. அந்த நேரம் எதிர்வீட்டு வீரம்மாள்தான் ஈரத்துண்டை மூக்கில் பொத்திக்கொண்டு ஓடிவந்தது. "பாய், கதவைச் சாத்துங்க, ஐஸ் கம்பெனியில விஷக் காத்து, கொல்லைப்பக்கமா வாங்க" என்று கத்திக்கொண்டே ஜீனத் முகத்திலும் ஓர் ஈரத்துணியைச் சுற்றி, ஆற்றுப் பக்கம் அழைத்துப் போய்விட்டது. உயிர்ச்சேதம் இல்லை, ஆனால் தூக்குச்சட்டியோடு முன்னால் போனவர்களில் பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள்.

மறுநாள் வார்டு ஆபீஸுக்குப் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர், "சங்கு ஊதினோமே, கேக்கலையா?" என்றார். கேட்டதுதான் வினை என்றேன். ஆபத்து என்றால் தண்டோரா போடுகிறவர் தெருவுக்குள் வந்து, இன்ன ஆபத்து, இந்தப் பக்கம் போங்கள் என்று வாயால் சொல்ல வேண்டும், நோன்புக்குப் பள்ளிவாசலில் நகரா முரசு அடித்துக்கொள்கிறோம், சங்கை ஆபத்துக்கு மட்டும் வையுங்கள் என்று ஜமாஅத் பெயரில் எழுதியும் கொடுத்தோம். ஆவன செய்யப்படும் என்றார். அந்த வார்த்தையை நான் எத்தனை முறை கேட்டிருக்கிறேன். ஐஸ் கம்பெனி முதலாளியோ பள்ளிவாசல் சர்பத்துக்கு வழக்கமாக அனுப்பும் ஒரு கட்டி ஐஸுக்குப் பதில் இரண்டு கட்டி இலவசமாக அனுப்பினார். யார் வாயை அடைக்க இந்த இரண்டாவது கட்டி? நான் அந்த சர்பத்தைத் தொடவில்லை, உன் அம்மா நோன்பு திறந்த பிறகு இரண்டு டம்ளர் குடித்தாள்.

அன்று மாலை சரியான நேரத்துக்குச் சங்கு ஊதியது. ஒரு கதவும் திறக்கவில்லை. பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம், உன் அம்மாவும் வாயில் போடவில்லை. வீரம்மாள்தான் தெருவில் இறங்கிப் பள்ளிவாசல் வரை போய் மோந்து பார்த்துவிட்டு வந்து, "நல்ல காத்துதான் பாய், நோன்பு தொறங்க" என்றது. பெருநாள் வரை எங்கள் தெரு அதன் குரலுக்குத்தான் நோன்பு திறந்தது. நகரா இனிமேல்தான் வர வேண்டும், தண்டோராவும் வந்தால் பார்ப்போம்.

ஜீனத்தை அனுப்புவதா என்று கேட்டாயே. கண் வீக்கம் வடிந்துவிட்டது, இருமலும் நின்றுவிட்டது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா வயிற்றில் குழல் வைத்துக் கேட்டுப் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்றார். உண்மையைத்தான் சொல்கிறாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன வாரம் வேறொரு டாக்டரம்மாவிடமும் காட்டினேன், அவரும் அதையே சொன்னார், இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டார்களோ என்றுகூட நினைத்தேன். நேற்று ஜீனத் சமையல்கட்டில் திடீரென்று சிரித்து, பிள்ளை உதைக்கிறது என்று உன் அம்மாவின் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். உன் அம்மா அழுதுகொண்டே என்னைப் பார்த்து, இதையாவது நம்புங்கள் என்றாள். நம்பிவிட்டேன் ஜமால். நீயும் நம்பு. அவள் இங்கேயே இருக்கட்டும், வீரம்மாள் எதிரில் இருக்கிறது.

ஆண்டவன் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தருவானாக. நீ தங்கியிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஐஸ் கம்பெனி இருக்கிறதா என்று பார்த்து எழுது, அங்கே சங்கு ஊதினால் எதற்கு என்று கேட்டுக்கொண்டு வெளியே வா. அடுத்த கடிதத்தை நன்றாக ஒட்டு.

உன் அத்தா
அப்துல் சுக்கூர்