கத்திக்கு நீண்ட கை

என்னங்க,

நீங்களும் அத்தையும் சுகந்தானே? உங்கள் தம்பி கல்யாணத்தில், "ஆபரேஷன் தியேட்டர்ல கத்தி எடுத்துக் குடுக்கிறவ" என்று என்னைப் பற்றி ஊரெல்லாம் சொன்னீர்களாம். சந்தோஷம்.

நேற்று பெரிய டாக்டரின் கையுறை அவருடைய மாஸ்க்கில் பட்டுவிட்டது. அந்தக் கையோடு நோயாளியைத் தொடக் கூடாது. அவரோ கத்திக்குக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

"கிளவுஸ மாத்துங்க சார்."

"எனக்கே சொல்லித் தர்றியா?"

"மாத்தினாத்தான் கத்தி."

மாற்றினார். அதன்பிறகு யாரும் என்னோடு பேசவில்லை. மற்றபடி ஒன்றுமில்லை, கவலைப்படாதீர்கள்.

கழுவிக் கழுவிக் கை வெடித்துவிட்டது, களிம்பு அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பணம் கேட்கும்போதாவது டிவியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். என் முகத்தைப் பார்க்காமல் கை நீட்ட இங்கேயே ஆள் இருக்கிறது.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

இப்படிக்கு,
கத்தி எடுத்துக் கொடுக்கிறவள்