பொருத்தனை வண்டி

9 செப்டம்பர் 1973, ஞாயிறு

வண்டி வந்துவிட்டது. ஏலத்தில் எடுத்த பழைய ஆஸ்பத்திரி வேன். வேப்பமரத்தடியில் நிற்கிறது. சிலுவைக் குறியைச் சுரண்டியும் சிவப்பு முழுதாகப் போகவில்லை.

எங்கள் மகன் கிருபாநிதிக்கு ஐந்து வயதில் தொண்டை அடைப்பான் வந்து மூச்சு நின்று நின்று வந்த நாளில் இவர் பண்ணிய பொருத்தனை: பிள்ளையைத் தந்தால், வேலை ஓய்ந்தபின் வீட்டைவிட்டு ஊர் ஊராகப் போய் ஆண்டவருக்கு ஊழியம் செய்வேன். பிள்ளை பிழைத்தான். இப்போது பம்பாயில் வேலை பார்க்கிறான். இவர் துறைமுக ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. இன்று கோயிலில் ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று எல்லோரும் கேட்க அறிவித்தும்விட்டார். புதுவருஷத்தில் புறப்பாடு. அதற்குள் நான் பள்ளிக்கூடத்தில் ராஜிநாமா கொடுக்க வேண்டும். வீட்டை வாடகைக்கு விட வேண்டும். இனி வீடு அந்த வேன்தான்.

"நீ கணக்கு டீச்சர்லா? மாசம் என்ன ஆகும்னு ஒரு பட்ஜெட் போடு" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

15 செப்டம்பர்

மெக்கானிக் இனிகோ உள்ளே பலகைக் கட்டிலும் அடுப்பு வைக்க மேடையும் பொருத்துகிறான். கத்தோலிக்கன்; வாய் அதிகம். "எங்க சாமியாரு சைக்கிள்லதான் போறாவ. ஒங்க அண்ணாச்சி வீட்டையே சக்கரத்துல ஏத்திட்டாவளே டீச்சர்!" கட்டிலில் உட்கார்ந்து பார்க்கச் சொன்னான். "பயப்படாதீங்க. இதுல படுத்தவங்க ஒருத்தரும் இதுவரைக்கும் குறை சொன்னதில்ல."

சிரித்துவைத்தேன். பினாயில் வாசனை இன்னும் சேலையில் இருக்கிறது.

21 செப்டம்பர்

பட்ஜெட் போட்டேன். பெட்ரோல், மண்ணெண்ணெய், ரிப்பேர், காய்கறி. அரிசிக்கு ஒன்றும் எழுத வேண்டாமாம். போகிற ஊர்களில் பிடியரிசி தருவார்களாம். உலை வைக்கும்போதெல்லாம் கோயிலுக்கென்று ஒரு பிடி எடுத்துவைக்கிறேனே, அதே அரிசி. அதை இனி நான் கைநீட்டி வாங்க வேண்டும்.

வரவு, இவர் பென்ஷனும் வீட்டு வாடகையும். இடிக்கும் என்றுதான் நினைத்தேன். மறுபடி கூட்டினேன். இடிக்கவில்லை. கட்டுப்படியாகிறது.

அதுதான் பயமாக இருக்கிறது.

6 அக்டோபர்

தங்கிப் பார்ப்போம் என்று குலசேகரன்பட்டினம் போனோம். கடற்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு இவர் மண்ணெண்ணெய் வாங்கப் போனார். காற்றில் பின்கதவு அறைந்து சாத்திக்கொண்டது. கொண்டி வெளியில் மட்டும்தான். நோயாளி எதற்கு உள்ளிருந்து திறக்கப்போகிறான்? தட்டினேன். கத்தினேன். கிருபாவுக்கு அன்று இப்படித்தான் இருந்திருக்குமோ, காற்று இருந்தும் உள்ளே போகாமல்—

திறந்தவள் ஒரு மீன்காரி. "சேசுவே! மனுசிதானா? ஆஸ்பத்திரி வண்டியில செத்தவல்லா எந்திச்சுத் தட்டுதான்னு நெனச்சேன். ஏளா, முதல்ல தண்ணியக் குடி."

இவர் வந்து விஷயம் கேட்டார். மண்ணெண்ணெய் டின்னைக் கீழே வைக்காமலே அந்தக் கொண்டியைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார். இருட்டுமுன் வீட்டுக்கே திரும்பிவிட்டோம்.

13 அக்டோபர்

பட்ஜெட்டை எடுத்துவரச் சொன்னார். செலவை வெட்டப்போகிறார் என்று நினைத்தேன். கூட்டுகிறார். உபரி டயர், தார்ப்பாய், கொசுவலை. "வழியில ஒடம்புக்கு முடியாமப் போனா? அதுக்கும் ஒரு தொகை போடு." அரிசியையும் கடை விலைக்கே எழுதச் சொன்னார்.

"பிடியரிசி?" என்றேன்.

"எல்லா ஊர்லயுமா குடுப்பாவ?"

அப்படியும் கட்டுப்படியானது. சொன்னேன். இவர் முகம் ஏன் வாடியது?

4 நவம்பர், ஞாயிறு

பெட்ரோல் விலை ஏறிவிட்டதாம். ரேடியோவில் கேட்டதும் அடுக்களைக்கே வந்துவிட்டார். "ஜெயா, கேட்டியா? பெட்ரோல் ஏறிட்டு! மறுபடி கூட்டிப் பாரு. இப்ப முடியாதுல்லா?"

முகம் பிரகாசமாக இருந்தது. கூட்டிப் பார்த்து, போதாது என்றேன். நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். பிறகு சட்டென்று சுருங்கிப்போனார்.

"ஆண்டவர்ட்ட போயி விலைவாசியச் சொல்ல முடியுமா?"

5 நவம்பர்

இவரும் பயப்படுகிறார். என்னைவிட அதிகமாக.

25 நவம்பர், ஞாயிறு

பெட்ரோல் செலவுக்கென்று சபையார் காணிக்கை சேர்த்துவிட்டார்கள். உபதேசியார் கவரைக் கொடுத்தபோது இவர் நன்றி சொன்ன குரல் எனக்குப் பழக்கப்பட்ட குரல் இல்லை.

யாராவது ஒருவர் முடியாது என்று சொல்ல வேண்டும். இவர் சொன்னால் பொருத்தனையை மீறியவர் இவர். ஆண்டவர் தந்த பிள்ளையைத் திருப்பிக் கேட்டால்? அதை நினைத்துத்தான் வாய் திறக்காமல் இருக்கிறார். நான் மட்டும் எப்படித் திறப்பேன்? நான் பெற்றவன் இல்லையா அவன்?

1 டிசம்பர்

சொல்லிவிட்டேன். "நான் வரல. ராஜிநாமாவும் கொடுக்கப் போறதில்ல. தனியா ஒங்களையும் விடமாட்டேன். பாவம்னா அது எம்மேல இருக்கட்டும். எம்மேல மட்டும்."

"ஏளா, ஆண்டவருக்குக் குடுத்த வாக்குல்லா!" என்று எழுந்தார். குரலில் கோபம் ஏறவில்லை. பிறகு முகம் கழுவப் போனார். குழாயடியில் வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

9 டிசம்பர், ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் கவரைத் திருப்பிக் கொடுத்தோம்.

"என்ன அண்ணாச்சி, பயணம் இல்லையா?" என்றார் உபதேசியார்.

"என்ன செய்ய அய்யா. இவளுக்குப் பயம்."

சுற்றி நின்ற பெண்கள் என்னைப் பார்த்தார்கள். "படிச்ச பொம்பளைக்கு விசுவாசம் எங்க இருக்கும்" என்றது ஒரு குரல், எனக்குக் கேட்கும்படியாகவே. இவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஆமா அய்யா, எனக்குத்தான் பயம்" என்றேன்.

மதியம் இவர் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். பல வாரமாக இல்லாத வழக்கம். இப்போது குறட்டை விட்டுத் தூங்குகிறார்.

வேனை விற்கப்போகிறோம் என்று கிருபாவுக்குக் கடிதம் எழுதினேன். ஒட்டுமுன் வாசித்துப் பார்த்தால், உடம்பு எப்படி இருக்கிறது என்று மூன்று இடத்தில் கேட்டிருக்கிறேன். இரண்டை அடித்தேன்.