சணல் கட்டிய புட்டிகள்

2 ஆகஸ்ட் 1958, சனி. திருத்தங்கல்

நாளை கோவிலில் நற்கருணை ஆராதனை. சபைக்கு வேண்டிய திராட்சரசத்தை இவர்தான் காய்ச்சுகிறார். உலர் திராட்சையைக் கொதிக்க வைத்து, வடிகட்டி, மறுபடியும் கொதிக்க வைத்து. துளி புளிப்பு ஏறிவிடக் கூடாதாம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார், மதுவிலக்குச் சங்கத்தில் செயலாளர், வீட்டில் எதையும் பொங்க விடாதவர். கல்யாணமான இத்தனை வருஷத்தில் என்னிடம் சத்தம் போட்டதில்லை. சத்தமாகச் சிரித்ததும் இல்லை.

எனக்கு என்ன குறை? சிவகாசியில் மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் வேலை. வார்டு முழுக்க ‘சிஸ்டர், சிஸ்டர்’ என்று கூப்பிடுகிறார்கள். ஆனாலும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மடித்த சேலையையே திரும்பத் திரும்ப மடிக்கிறேன்.

பாளையங்கோட்டையில் அம்மா இந்த மாதமே கிறிஸ்துமஸுக்கு ஒயின் போட்டு விடுவாள். இந்த வீட்டில் அந்தப் பேச்சே எடுக்க முடியாது. சர்க்காரும் விடாது, இவரும் விட மாட்டார். இன்று சந்தையில் கறுப்புத் திராட்சை வந்திருந்தது. ஏன் வாங்கினேன்? வாங்கிவிட்டேன். கசக்கி, சீனியும் ஈஸ்டும் போட்டு, ஜாடியைச் சாமான் அறையில் விறகுக்குப் பின்னால் வைத்தாயிற்று.

6 ஆகஸ்ட்

ஜாடி முணுமுணுக்கிறது. காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

14 செப்டம்பர், ஞாயிறு

தம்பி யோபு வந்திருக்கிறான். கொழும்பில் தோட்டத் துரைமார் கிளப்பில் பட்லர். இவர் ஜெபக் கூட்டத்துக்குப் போன நேரம் பார்த்து ஜாடியைக் காட்டினேன். கொதிப்பு அடங்கி ஒயின் தெளிந்திருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரித்தான்.

“யக்கா, நல்லாத்தான் இருக்கு. ஆனா தூங்குது. எழுப்பி விடுவமா?”

ஷாம்பேன் கதை அப்போதுதான் வந்தது. அது பிரான்சில் ஒரு ஊர்ப்பக்கத்தின் பெயராம். அங்கே செய்ததற்குத்தான் அந்தப் பெயர். தயாரான ஒயினில் மறுபடியும் கொஞ்சம் சீனியும் ஈஸ்டும் போட்டு, புட்டியை அடைத்துக் கம்பியால் கட்டி விடுவார்கள். புட்டிக்குள்ளேயே இரண்டாம் தடவை புளிக்கும். கிளம்புகிற வாயுவுக்குப் போக வழியில்லை, ஒயினுக்குள்ளேயே கரைந்து விடும். வருஷக்கணக்கில் மண்டியோடு கிடப்பதால் சுட்ட ரொட்டி வாசம் வருமாம். குமிழி ரவை மாதிரி பொடிப்பொடியாக, தம்ளரின் அடியிலிருந்து சரம் சரமாக, நிற்காமல் ஏறுமாம்.

“இத்தாலிக்காரன் சிலபேரு இம்புட்டு மெனக்கெடமாட்டான். பெரிய இரும்புத் தொட்டியிலே மொத்தமாப் புளிக்க வச்சி, அந்தக் கேசு போகாமப் புட்டியிலே புடிச்சிருவான். அதுலே பழ வாசம் தூக்கலா இருக்கும், ரொட்டி வாசம் வராது. மூணாவது ஒண்ணு இருக்கு, மட்டமான சரக்கு. நம்ம கண்ணுச்சாமி கடையிலே சோடாவுக்குக் கேசு அடிக்காம்லா, அதே மாதிரி ஒயின்லே கேசை அடிச்சி ஏத்துறது. தொறந்தா புஸ்ஸுன்னு பெரிய பெரிய குமிழி. மேசைக்குக் கொண்டு போறதுக்குள்ள செத்துப் போகும்.”

“எல்லாம் வாயுதானேடா?”

“வாயுதான். உள்ளே பிறந்ததா, வெளியே இருந்து அடிச்சதாங்கிறதுதான் பேச்சு.”

உள்ளே பிறந்தது எனக்கு வேண்டும். சொல்லவில்லை. எழுதுகிறேன்.

16 செப்டம்பர்

யோபு போய்விட்டான். கெட்டிக் கண்ணாடியாகப் பார், புட்டிக்கு ஒரு சின்னக் கரண்டி சீனிக்கு மேல் போடாதே, தக்கையைக் கம்பியால் கட்டு என்று சொல்லிப் போனான். என்னிடம் இருந்தவை டானிக் புட்டிகள் ஆறு. சீனி ஒரு கரண்டி போட்டேன். போதுமா என்று சந்தேகம், இன்னொன்றும் போட்டேன். கம்பிக்கு எங்கே போக?

பக்கத்து வீட்டுப் பாலம்மாள் நாரணாபுரத்தில் வெடிக்குச் சணல் சுற்றுகிறாள். ஊறுகாய்க்கு என்று சொல்லிச் சணல் கேட்டேன். முடிச்சும் சொல்லிக் கொடுத்தாள். “இறுக்கிக் கட்டுங்க சிஸ்டர். இறுக்குனாத்தான் சத்தம் கேக்கும்” என்று சிரித்தாள். வெடிக்குச் சுற்றுகிற மாதிரியே தக்கையின் மேலும் கழுத்திலும் சுற்றிச் சுற்றிக் கட்டினேன். விரல் எல்லாம் சிவந்துவிட்டது.

28 செப்டம்பர், ஞாயிறு

பள்ளிக்கூட மேனேஜர் ஐயா இவரைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். நவம்பரில் ஹெட்மாஸ்டர் இவர்தான், அநேகமாக. வந்து என்னிடம் இரண்டு தடவை சொன்னார். எத்தனை வருஷமாகக் காத்திருந்தார்! சந்தோஷமாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. செயலாளர் வீட்டில் ஒயின். கொட்டிவிட வேண்டும்.

நாளைக்கு.

4 அக்டோபர், சனி

கொட்டவில்லை. ஒன்றைத் திறந்தேன்.

முடிச்சு அவிழவில்லை, கத்தரியால் அறுத்தேன். தக்கை கூரையில் போய் அடித்தது. பாதி ஒயின் தரையில். மிச்சத்தைத் தம்ளரில் ஊற்றினேன். மண்டி கலங்கியிருந்தது. அடியிலிருந்து பொடிக்குமிழிகள் ஏறிக்கொண்டே இருந்தன. யோபு சொன்ன சரம்! நாக்கில் பட்டதும் சுருக்கென்று... தனியாக நின்று சிரித்தேன். நான் செய்தது, நானே செய்தது. பிறகு ஜன்னலைத் திறந்து வைத்துத் தரையை மூன்று முறை கழுவினேன்.

இவ்வளவு வேகம் இருக்கக் கூடாது என்று தோன்றியது. மற்ற ஐந்தையும் அறுத்துவிடலாமா? அறுத்தால் வாயு போய்விடும். கிறிஸ்துமஸ் வரைக்கும் வைத்திருந்தால் என்ன?

11 அக்டோபர், சனி

எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

மத்தியானம் இவர் கூடத்தில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். சாமான் அறையில் டமார். உடனே இன்னொன்று. பிறகு ஒன்று.

தீபாவளி சீசன். போன வருஷம் கீழத்தெருவில் களவாக வீட்டில் வெடி சுற்றி, அது வெடித்து இரண்டு பேர் செத்துப் போனார்கள். தெரு ஒரு நொடி கூட நிற்கவில்லை. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வயலுக்கு ஓடுகிறார்கள், ஒருத்தி மாட்டை அவிழ்த்து விடுகிறாள், “வாத்தியார் வீட்டுல மருந்து! மருந்து!” என்று கத்தல். மருந்து என்றால் இங்கே வெடிமருந்துதான். ரோந்து வந்த ஏட்டையா வாசலிலேயே நின்றார், உள்ளே வரப் பயம்.

“வாத்தியாரையா, உள்ள எம்புட்டு மருந்து வச்சிருக்கீக? உண்மையைச் சொல்லிருங்க. தெருவே போயிரும்.”

“என் வீட்டுல மருந்தா? வந்து தேடிப் பாருங்க” என்றார் இவர். முகம் வெளுத்திருந்தது. பாவி நான், வாய் திறக்கலையே! மருந்து இல்லை என்று காட்ட வேண்டுமானால் ஒயினைக் காட்ட வேண்டும். ஒயினை மறைத்தால் தெரு முழுக்கப் பயந்து வயலிலேயே நிற்கும். அதற்குள் கதவிடுக்கில் சிவப்பாக ஒழுகி வந்தது. யாரோ “ரத்தம்” என்று அலறினார்கள். ஏட்டையா குனிந்து மோந்து பார்த்தார்.

“இது யாரு போட்டது?”

நான் முன்னால் வந்தேன். “நா—”

“நான்தான்” என்றார் இவர். “அவ ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாறவ. அவளுக்கு ஒண்ணும் தெரியாது.” என் பக்கம் திரும்பவே இல்லை.

பாலம்மாள் தலையில் கையை வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். “சாராயந்தானா! அம்புட்டுத்தானா! நான் தெருவே போச்சுன்னுல்லா ஓடுனேன்!” அழுகையும் சிரிப்புமாக. எல்லாரும் சிரித்தார்கள். இவரை மட்டும் ஏட்டையா கூட்டிக்கொண்டு போனார். தப்பிய இரண்டு புட்டியும் கூடப் போயின.

12 அக்டோபர், ஞாயிறு

ஜாமீனில் வந்துவிட்டார், அபராதத்தோடு போய்விடுமாம். கோவிலுக்குப் போகவில்லை.

“ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“உன்னைய ஆஸ்பத்திரியிலே அன்னைக்கே நிறுத்திருவாக. அந்த வேலை இல்லாம நீ இருப்பியா?” சோற்றைப் பிசைந்தபடி கேட்டார். தண்ணீரைக் குடித்துவிட்டு, “எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல.”

“கேட்டா விட்டிருப்பீங்களா?”

யோசித்தார். “மாட்டேன்.”

எனக்கு இந்த மனிதரை இத்தனை நாளாகத் தெரியவே இல்லை.

26 அக்டோபர், ஞாயிறு

சபைக் கமிட்டி முடிவு சொல்லிவிட்டது. சங்கச் செயலாளர் பதவி போயிற்று. ஆறு மாதம் நற்கருணைப் பந்தி கிடையாது. ஹெட்மாஸ்டர் வேலை வேதமாணிக்கம் சாருக்கு.

உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன். “சொல்லி என்ன ஆகப் போகுது? ரெண்டு பேருக்கும் போகும். சும்மா இரு” என்றார். முதல் தடவையாக என் மேல் சத்தம் போட்டார்.

சும்மா இருக்க முடியவில்லை. வார்டில் ஊசியை இரண்டு முறை தவற விட்டேன்.

2 நவம்பர், ஞாயிறு

இன்று நற்கருணை. பெண்கள் வரிசையில் நானும் எழுந்து நடந்தேன். திரும்பிப் பார்த்தால் ஆண்கள் பக்கம் கடைசிப் பெஞ்சில் இவர் மட்டும், தலையைக் குனிந்துகொண்டு. என் முன்னால் இரண்டே பேர். போதகர் ஐயர் கையில் ரசப் பாத்திரம்.

வரிசையை விட்டு விலகினேன். நடுவழியே நடந்து, ஆண்கள் பக்கம் போய், கடைசிப் பெஞ்சில் இவர் பக்கத்தில் நின்றேன். பாட்டு தேய்ந்து நின்றுபோயிற்று.

“கனகமணி, எல்லாரும் பாக்காக.”

“பாக்கட்டும்.”

“நீ போட்டதுன்னு தெரிஞ்சிரும்ட்டீ.”

“தெரியட்டும்.”

இவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார்.