சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம்

வடக்குப்பட்டு,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சசிகலாவுக்கு,

ஜீவானந்தம் எழுதுவது. நாங்கள் நலம் என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், முழுசாக அப்படி எழுத முடியவில்லை. பயப்படாதே, நம் பெண் தென்றல் வீட்டில்தான் இருக்கிறாள், தூங்குகிறாள். போனில் சொன்னால் அவள் காதில் விழும் என்றுதான், என்னோடு வேலை செய்யும் ஐயனாரின் அக்கா மஸ்கட் திரும்பும்போது இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ பார்த்துக்கொள்ளும் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா?

இங்கே மழை நின்றுவிட்டது. ஓவர்டைம் வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். வீட்டில் வேலை என்றேன்.

பாலிடெக்னிக் ஆண்டு விழா நடனத்தில், குண்டாக இருக்கிறாள் என்று தென்றலைப் பின்வரிசையில் நிறுத்தினார்களே, அதற்குப் பிறகுதான் இளைக்க ஆரம்பித்தாள். ஆனால் சாப்பிடாமல் இல்லை, அதுதான் குழப்பம். நான் வைக்கிற குழம்பைக்கூட இரண்டாம் தடவை ஊற்றிச் சாப்பிடுவாள். உடனே பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிடுவாள். குளிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். போன மாதம் சாக்கடைக் குழாய் அடைத்தது. கம்பி விட்டு இழுத்தால் சோறு.

எனக்கு என்ன தோன்றியது என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. கல்யாணமாகாத பெண் வாந்தி எடுத்தால் ஒரு அப்பனுக்கு வேறு என்ன தோன்றும்? அவளிடம் கேட்க வாய் வராமல், பக்கத்து வீட்டு முனியம்மாளைக் கேட்கச் சொன்னேன். “நீ நெனைக்கிற மாதிரி ஒண்ணும் இல்லண்ணா. புள்ள தானே வெரல வுட்டு வாந்தி எடுக்குது” என்று அந்த அம்மா வந்து சொன்னார். நிம்மதியும் வந்தது, வேறு பயமும் வந்தது.

அடுத்த வாரமே ஒரகடம் பஸ் ஸ்டாப்பில் மயங்கி விழுந்துவிட்டாள். கம்பெனி பஸ்ஸுக்கு நின்ற ஐயனார்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். உடம்பில் உப்புச் சத்து குறைந்துவிட்டது, இப்படியே போனால் இதயத்துக்கே ஆபத்து என்றார் டாக்டரம்மா. “நல்லாத்தானம்மா துன்னுது, இது இன்னா வியாதி?” என்று கேட்டேன். மனசில் வருகிற வியாதி, வீம்பு இல்லை, திட்டாதீர்கள் என்றார். மனநல டாக்டரிடம் வாராவாரம் கூட்டிப் போகிறேன்.

ஏம்மா இப்படி என்று தென்றலிடமே கேட்டேன். “எனக்கே தெரியலப்பா. வயித்துல சோறு இருந்தா உள்ள யாரோ திட்டிகினே இருக்கறாப்ல கீது. வெளிய வந்துட்டா சும்மா ஆயிடுது” என்று அழுதாள்.

இன்னொன்று, நீ வருத்தப்படக்கூடாது. வீடியோவில் நீ “ஸ்லிம்மா சூப்பரா கீற கண்ணு” என்று சொன்னபோது அவள் முகம் மலர்ந்தது. நானும் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். தெருவில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். இனி இளைத்தாய் என்றும் சொல்லக்கூடாது, பெருத்தாய் என்றும் சொல்லக்கூடாதாம். சாப்பிட்டாயா என்று துருவவும் கூடாதாம். அதைக் கேட்காமல் பெற்ற பிள்ளையிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது?

சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் அவளைத் தனியே விடாமல் கூட உட்காரச் சொன்னார்கள். உட்காருகிறேன். அவள் பாத்ரூம் கதவைப் பார்க்கிறாள், நான் அவளைப் பார்க்கிறேன். நேற்று பேச ஒன்றும் கிடைக்காமல், எங்கள் கார் கம்பெனி லைனில் ரோபோ ஒரு பம்பரைத் தலைகீழாக மாட்டிய கதையைச் சொன்னேன். சிரித்தாள். நேரம் போய்விட்டது. இன்று மத்தியானம் அவளால் உட்கார முடியவில்லை. என்னைத் தள்ளிவிட்டு ஓடிவிட்டாள். அப்புறம் தானே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

எனக்குச் சொல்லத் தெரிந்த கதைகள் தீர்ந்துகொண்டு வருகின்றன, சசி. உன் ஒப்பந்தம் முடிய ஒரு வருஷம் இருக்கிறது, தெரியும். வா என்று நான் எழுதவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. நம் குடும்பத்தில் இப்போது உன்னிடம் மட்டும்தான் என்னால் அதைச் சொல்ல முடிகிறது.

உன்,
ஜீவானந்தம்