திண்டிவனத்துக் குடல் குழம்பு

என் ஆசை அம்மாவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. வளவனூர் அப்படியேதான் இருக்கிறது. பள்ளிக்கூடச் சத்துணவில் உன் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. உனக்கு உதவியாளராக இருந்த அக்காவே ஒண்டியாகப் பொங்கி இறக்குகிறார். பிள்ளைகள் சாம்பாரைக் குறை சொல்கிறார்களாம். கேட்டால் உனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் எழுதுகிறேன், மறைக்காதே.

நான் விழுப்புரத்தில் அதே ஜெராக்ஸ் கடைக்குத்தான் போய் வருகிறேன். அப்பா கரும்பு வெட்டுக்குப் போவதை விட்டுவிட்டார். காலையில் எழுந்து முகம் கழுவி, வேலைக்குப் போகிறவர் மாதிரி சட்டை போட்டுக்கொண்டு வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். சோறு போட்டால் நாலு வாய். அதற்கு மேல் தட்டைத் தள்ளிவிடுகிறார்.

இந்தக் கடிதத்தை ஒரு பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். நம் சொந்தத்தில் காசு கொடுத்துப் பத்திரிகை வாங்குகிறவர் யாரும் இல்லை. அப்பாவுக்கு எழுத்தே தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். முகம் தெரியாத நாலு பேர் படிக்கட்டும். தெரிந்தவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நம் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அடுப்பு எரியாது. இதைச் சொன்னால் ஜெராக்ஸ் கடையில் யாரும் நம்புவதில்லை. ஊரெல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் கறி எடுத்துச் சமைக்கும். நீயோ, வாரம் முழுக்க ஊரார் பிள்ளைகளுக்கு ஆக்கிப் போடுகிறேன், ஒரு நாளாவது எனக்கு எவனாவது போடட்டும் என்று சொல்லிவிடுவாய். மாதா கோயிலில் பூசை முடிந்ததும் அந்த உடுப்போடு நேராக பஸ் ஸ்டாப். எந்தப் பக்கத்து பஸ் முதலில் வருகிறதோ அந்தப் பக்கம்தான் அன்றைக்குச் சாப்பாடு. அப்பா புதுச்சேரி பஸ் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வார். காரணம் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

விழுப்புரம் பஸ் வந்துவிட்டால் அவர் முகம் தொங்கிவிடும். அங்கே இறங்கி மறுபடியும் அதே சீட்டுக் குலுக்கல். திருவெண்ணெய்நல்லூர் பஸ் வந்தால் அந்தக் கொட்டகை மெஸ். ரயிலடிப் பக்கமே நின்றுவிட்டால் பிச்சுப் போட்ட பரோட்டா. கோடையில் ரோட்டோரத் தள்ளுவண்டியில் கேப்பைக் கூழும் கருவாட்டுக் குழம்பும். எந்தக் கடையில் எந்த மாஸ்டர் மாறினார், எந்தக் கடை சால்னாவில் பொட்டுக்கடலை மாவு கரைக்கிறான் என்று உனக்கு அத்துப்படி. போர்டு பெரிதாக இருந்தால் உள்ளே போகவே மாட்டாய். லைட்டுக்குச் செலவு பண்ணுகிறவன் எண்ணெய்க்குச் செலவு பண்ண மாட்டான் என்பாய்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் போடும் முன்னால் குழம்பை உள்ளங்கையில் ரெண்டு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பாயே, அதே பழக்கத்தைக் கடையிலும் விட மாட்டாய். இலையில் ஊற்ற வருகிறவரிடம் கையை நீட்டுவாய். அவர் விழிப்பார். எனக்கு மானம் போகும். நக்கிவிட்டு ஒரே வார்த்தையில் தீர்ப்பு. வளவனூர் ஓட்டல்காரரிடம் இது சாம்பார் இல்லை, சாம்பார்ப் பானை கழுவின தண்ணி என்று முகத்துக்கு நேராகச் சொன்னாய். அவர் அடுத்த வாரம் நம்மைக் கூப்பிட்டு மறுபடியும் ருசி பார்க்கச் சொன்னார்.

இன்னொன்றும் உண்டு. எந்தக் கடைக்குப் போனாலும் நடு மேசைதான் வேண்டும் உனக்கு. ஓரத்தில் இடம் காலியாக இருந்தாலும் நின்று காத்திருப்பாய். உன் ஊர் டீக்கடையில் உன் அப்பாவுக்கு உள்ளே இடம் இல்லை, அவருக்கான கிளாஸ் வெளியே தனியாக இருந்தது என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாய். அதன் பிறகு நான் ஓர மேசையில் உட்கார்ந்ததில்லை.

நடு மேசை கேட்காமல் நீ சாப்பிட்ட ஒரே கடை, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தனம் அக்கா போடும் இட்லிக் கடை. அங்கே மேசையே கிடையாது, ரெண்டு பெஞ்சு. அக்காவின் மாமியார் ஒரு மூலையில் குந்தி வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். உன்னைப் பார்த்ததும் அக்கா தன் முக்காலியை இழுத்துப் போட்டுவிட்டுக் கரண்டியை உன்னிடம் நீட்டுவார். “உப்பு பாருக்கா.” நீ குடல் குழம்பில் உப்புப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கு ஊற்றுவார். அந்த முக்காலியில் உட்கார்ந்திருக்கும்போது உன் முதுகு எப்படி நிமிர்ந்திருக்கும் தெரியுமா? நீ பார்த்திருக்க மாட்டாய். நான் பார்த்தேன்.

இப்போது அந்த நாளைப் பற்றி.

வயிற்றில் கட்டி என்று உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்து இருபது நாளுக்கு மேல் ஆகியிருந்தது. முதலில் அது ஆகாது, இது ஆகாது என்று சொன்ன டாக்டர், அந்த வாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கேட்டதை வாங்கிக் கொடும்மா என்றார். உனக்கு அதை நான் நல்ல செய்தியாகச் சொன்னேன். நீ கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாய். பிறகு, தனம் கடை குடல் கொழம்பு ஊத்தி ரெண்டு இட்லி துன்னணும் போல இருக்குது என்றாய்.

பெண்கள் வார்டு என்பதால் அப்பாவைப் பார்வை நேரத்தில் மட்டும்தான் உள்ளே விடுவார்கள். பக்கத்துப் படுக்கைக்காரர்களிடம் உன்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். திண்டிவனம் பஸ் நின்றுகொண்டிருந்தது. உட்காரச் சீட்டும் இருந்தது. நான் ஏறவில்லை.

ஏன் என்று நானே என்னை எத்தனை தடவை கேட்டுவிட்டேன். உடம்பு அசதி என்று சொல்லலாம். அத்தனை நாளில் முதல் முறையாக மருந்து வாடை இல்லாத இடத்தில் நின்றேன். சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன், எழுந்திருக்கவில்லை. ரெண்டு பஸ் போயிற்று. மூன்றாவதும் போயிற்று. உன்னிடமிருந்து ரெண்டு தடவை போன் வந்தது. எடுத்தால் பஸ் பேரைக் கூவுகிற சத்தம் உனக்குக் கேட்டுவிடும், இன்னும் விழுப்புரத்திலேயே இருக்கிறாயா என்று கேட்பாய் என்று எடுக்கவில்லை. சீக்கிரம் வரச் சொல்லத்தான் கூப்பிடுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். எதிர்க் கடையில் பரோட்டா சாப்பிட்டேன். நன்றாக இருந்தது அம்மா. அதையும் சொல்லிவிடுகிறேன். பசித்துச் சாப்பிட்டேன்.

அதே கடையில் குடல் குழம்பு இருந்தது. ரெண்டு இட்லியோடு கட்டித் தரச் சொன்னேன். திண்டிவனம் போய் வருகிற நேரம் கழியட்டும் என்று இன்னும் ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

பொட்டலத்தைப் பிரித்து உன் மடியில் வைத்தேன். கூட்டமா என்று கேட்டாய். ரொம்பக் கூட்டம், அரை மணி நேரம் நின்றேன் என்றேன். தனம் எப்படி இருக்கிறாள் என்றாய். உன்னைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தார், சீக்கிரம் எழுந்து வரச் சொன்னார் என்றேன். வாய் கூசவில்லை எனக்கு. அப்புறம் நீ கேட்டாய்.

“அவ மாமியாரு?”

“அவங்களும் இருந்தாங்கம்மா. குந்திக்கினு வெங்காயம் உரிச்சுக்கினு இருந்தாங்க.”

நீ இலையை உன் பக்கம் இழுத்துக்கொண்டாய். குழம்பை உள்ளங்கையில் விட்டுப் பார்ப்பாய், என் குட்டு உடைந்துவிடும் என்று பயந்துகொண்டே நின்றேன். நீ பார்க்கவில்லை. இட்லியைப் பிட்டுத் தோய்த்து நேராக வாயில் வைத்தாய். ஒன்றரை இட்லி சாப்பிட்டாய். “அவ கை ருசி அப்படியே இருக்குது” என்றாய். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நோயில் நாக்கு செத்துவிட்டது போலிருக்கிறது, நல்ல வேளை என்று நினைத்தேன். நல்ல வேளை என்றுதான் நினைத்தேன் அம்மா.

ஒன்பதாம் நாள் நீ போய்விட்டாய். அந்த ஒன்பது நாளில் நீ வேறு எதையும் வயிறாரச் சாப்பிடவில்லை. அதனால் உன் அடக்கத்தன்று எல்லார் வாயிலும் அந்தக் குடல் குழம்புதான். ஆஸ்பத்திரியிலிருந்து திண்டிவனம் வரைக்கும் போய் வாங்கி வந்து கடைசி ஆசையை நிறைவேற்றினாளே, பெற்றால் இப்படி ஒரு பெண்ணைப் பெற வேண்டும் என்று சித்தி என் தலையைத் தடவினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். இன்றைக்கும் சொல்கிறார். புஷ்பம் ஆசைப்பட்டதைத் தின்னுட்டுத்தான் போனாள் என்பதுதான் அவருக்கு மிச்சம் இருக்கிற ஒரே ஆறுதல்.

போன வாரம் அவராகவே வாயைத் திறந்து ஒன்று கேட்டார். “தனம் கடைக்கு ஒருவாட்டி கூட்டிக்கினு போறியா? உங்கம்மா கடைசியா துன்னத நானும் துன்னு பாக்கறேன்.”

சாப்பாட்டைத் தள்ளிவிடுகிற மனுஷன் ஒன்றைக் கேட்கிறார், மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கூட்டிக்கொண்டு போனால், அன்றைக்குச் செல்வி வரவே இல்லையே என்று தனம் அக்கா சொல்லிவிட்டால்? அதனால் நேற்று முன்தினம் ஜெராக்ஸ் கடைக்கு லீவு போட்டுவிட்டு நான் மட்டும் போனேன். எனக்காக ஒரு பொய் சொல்லுங்கள் அக்கா என்று கேட்கத்தான் போனேன். எட்டு மாதமாக ஏறாத திண்டிவனம் பஸ்ஸில் அதற்காக ஏறினேன்.

கடை இருக்கிறது. மூலையில் மாமியார் இல்லை. அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நீ போனது அவருக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்ததாம். நான் தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னேன். அப்பா வந்தால், அன்றைக்கு நான் இங்கே வந்து வாங்கிப் போனதாக மட்டும் சொல்லுங்கள் என்றேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“அன்னிக்குக் கடையே போடலியே செல்வி. எங்க மாமியாரு செத்து ஆறாம் நாளு அது. உங்கம்மாதான் போன் பண்ணுச்சே. பொண்ணு வருது தனம், நல்ல கறியா பாத்து போடுன்னுச்சு. நான் சொன்னேன், மாமியாரு பூட்டாங்க அக்கா, கடை இல்லன்னு. போன்லயே அழுதுச்சு. அப்புறம், ஐயோ, புள்ள வெயில்ல அலைஞ்சுக்கினு வருதே, திரும்பி வரச் சொல்றேன்னு வெச்சிடுச்சு.”

என்னைத் திரும்பி வரச் சொல்லத்தான் அந்த ரெண்டு போனும்.

உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் பொட்டலத்தோடு உள்ளே வரும்போதே தெரிந்திருக்கிறது. கூட்டம் என்று சொன்னபோது தெரியும். செத்துப்போனவர் வெங்காயம் உரிக்கிறார் என்று சொன்னபோதும் தெரியும். மாமியாரைப் பற்றி ஏன் கேட்டாய்? இப்போதாவது உண்மையைச் சொல்லட்டும் என்று எனக்கு வழி விட்டாயா? நான் சொல்லாமல் விட்டபோது உனக்கு எப்படி இருந்தது? எவன் கடைக் குழம்போ தெரியாததை, பொய் என்று தெரிந்தே எனக்காக விழுங்கினாயா? அல்லது இவ்வளவுதான் என் மகள் என்று மனசு விட்டுப்போய், பேச ஒன்றும் இல்லாமல் சாப்பிட்டாயா?

உன் நாக்கு சாகவில்லை. அந்தக் குழம்பு யார் கை என்று கேட்டிருந்தால் கடை பேரையே சொல்லியிருப்பாய். அதைச் சொல்லாமல் ஒன்பது நாள் என்னோடு படுத்திருந்தாய். நான் உன் தலையை வாரினேன். நீயோ, சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாய்.

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்று சொல்வாய். கிடைக்கிறது அம்மா. மூன்று வேளையும் கிடைக்கிறது. ருசியும் தெரிகிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். சாமியார் மன்னிப்பு உண்டு என்றார். அவர் எப்படிச் சொல்ல முடியும்? பொட்டலம் பிரித்தது உன் மடியில். நீ சொல்ல வேண்டும். நீ சொல்ல இனி வழியில்லை.

தனம் அக்கா ஒத்துக்கொண்டுவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். அக்கா அவருக்கு ரெண்டு இட்லி வைத்துக் குழம்பு ஊற்றுவார். இதானா அவள் கடைசியாகத் தின்றது என்று அப்பா கேட்பார். இதுதான் என்று நான் சொல்வேன். அவர் நம்பிச் சாப்பிடுவார், ஒருவேளை முழுசாகவும் சாப்பிடலாம். உண்மையைச் சொன்னால் அவர் அந்த நாலு வாயும் சாப்பிட மாட்டார் என்று பயமாக இருக்கிறது. சரியா தப்பா என்று கேட்க ஆள் இல்லை.

உனக்கு மட்டும் ஒரு சத்தியம் பண்ணித் தருகிறேன். இனிமேல் உன்னிடம் நான் ஒரு பொய்யும் சொல்ல மாட்டேன். நீ இல்லாததால் இதைக் காப்பாற்றுவதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

நீ தெரிந்தே நம்பிய உன் மகள்,
செல்வி